ஷிஃப்ட் கீயை அஞ்சு தடவை தட்டிப் பாருங்க

லேப்டாப் பக்கத்துல இருக்கா? ஷிஃப்ட் கீயை வரிசையா அஞ்சு தடவை தட்டுங்க.

விண்டோஸா இருந்தா ஒரு சத்தம் வரும், கூடவே ஒரு பெட்டி வரும். ஸ்டிக்கி கீஸ் ஆன் பண்ணட்டுமான்னு கேட்கும். ஜிடிஏ ஆடினவங்க எல்லாருக்கும் இந்தப் பெட்டியைத் தெரியும். போலீஸ் துரத்திட்டு வர்ற நேரமாப் பார்த்து குறுக்கே வந்து நிக்கும். நான் எட்டாவது படிக்கும்போது "இதை எவன்டா வச்சான்"னு திட்டிட்டு, செட்டிங்ஸ்ல தேடிப்போய் ஆஃப் பண்ணேன். நீங்களும் பண்ணியிருப்பீங்க.

அதை வச்சவங்க அமெரிக்காவுல விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் டிரேஸ் மையத்துல இருந்தவங்க. கண்ட்ரோல், ஆல்ட், டெலீட் மூணையும் ஒரே நேரத்துல அழுத்த மூணு விரல் வேணும். ஒரு விரல் மட்டும் அசையுறவங்க, வாயில குச்சியைக் கவ்வி டைப் பண்றவங்க என்ன செய்வாங்க? அவங்களுக்காக, ஒவ்வொரு கீயா அழுத்தினாலும் சேர்த்து அழுத்தினதா எடுத்துக்கிற வசதி அது. விண்டோஸ் 95-லயே உள்ளே வந்துடுச்சு. நான் பிறக்குறதுக்கு முன்னாடியே என் கம்ப்யூட்டருக்குள்ள இருந்த ஒரு விஷயம் எதுக்குன்னு எனக்கு ஃபைனல் இயர்லதான் தெரிஞ்சுது. அதுவும் எந்த லெக்சர்லயும் இல்லை. சேலம் அம்மாபேட்டையில, எங்க வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருக்கிற ஒரு அண்ணன்கிட்ட.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். நான் எல்கேஜியில இருந்து இங்கிலீஷ் மீடியம். தமிழ்ல இவ்வளவு நீளமா எழுதுறது இதுதான் முதல் தடவை. தப்பு இருந்தா எடிட்டரைத் திட்டுங்க.

அம்மாபேட்டையைத் தெரியாதவங்களுக்கு: நெசவுக்காரங்க ஏரியா. சில வீட்டுல இன்னும் கைத்தறி, பல வீட்டுல விசைத்தறி. இன்டர்வல் மாதிரி கரண்ட் போனாத்தான் தெரு அமைதியாகும். அந்த அண்ணன் சேலைக்கு டிசைன் போடுறவர். பார்டர்ல வர்ற மயில், முந்தானையில வர்ற மாங்காய் எல்லாம் முதல்ல கம்ப்யூட்டர்ல கட்டம் கட்டமா வரையப்படும். ஒரு கட்டம் கறுப்புன்னா அந்த இடத்துல நூல் மேலே தூக்கும், வெள்ளைன்னா தூக்காது. அந்தப் படம்தான் அட்டையில ஓட்டையாகி ஜக்கார்டு பெட்டிக்குப் போகும். நாம ஃபர்ஸ்ட் இயர்ல பைனரின்னு படிச்சதை அவர் பத்து வருஷமா சேலையில பண்ணிட்டு இருந்தார்.

மூணு வருஷம் முன்னாடி மொட்டை மாடியில தண்ணி டேங்க் பார்க்க ஏறினவர் கீழே விழுந்துட்டார். கழுத்துல அஞ்சாவது, ஆறாவது எலும்புகிட்ட தண்டுவடத்துல அடி. தோள் அசையும். முழங்கையை மடக்குவார். மணிக்கட்டைக் கொஞ்சம் மேலே தூக்குவார். விரல் ஒண்ணுகூட அசையாது. இடுப்புக்குக் கீழே எதுவும் இல்லை. அவருக்கு இப்போ இருபத்தெட்டு வயசு.

இனி எங்க ஹீரோயிசக் கதை.

ஆறாவது செம்ல மினி ப்ராஜெக்ட். நாங்க நாலு பேர். தலைப்பு என்னவா இருக்கும்? கரெக்ட், ஐ மவுஸ். வெப்கேம்ல கண்ணைப் பார்த்து கர்சரை நகர்த்துறது, கண்ணடிச்சா க்ளிக். பைத்தான், ஓப்பன்சிவி, மீடியாபைப், மொத்தம் இருநூறு வரி கோடு. அதுல பாதி யூடியூப் உபயம். ரிப்போர்ட்ல முதல் வரி, "கை கால் செயலிழந்தவர்களுக்குப் பேருதவியாக இருக்கும்." ஒரு சிம்போசியத்துல ரெண்டாம் பரிசு. சர்டிஃபிகேட்டை லிங்க்டின்ல போட்டு நூத்துக்கும் மேல லைக்.

ப்ரைஸ் வாங்கின வாரம் அம்மா சொன்னாங்க, "அதைக் கொண்டுபோய் அவனுக்குக் குடுக்கலாம்ல?" எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. ஆறு மாசமா "செயலிழந்தவர்கள்"னு ரிப்போர்ட்ல எழுதிட்டு இருந்தேன். அந்த வார்த்தைக்குள்ள நாலு வீடு தள்ளி இருக்கிற அண்ணன் ஒரு நாளும் என் ஞாபகத்துக்கு வரலை.

ஒரு ஞாயித்துக்கிழமை எடுத்துட்டுப் போனோம். அரை மணி நேரம்தான், எல்லாம் புட்டுக்கிச்சு.

லேப்ல லைட் முன்னாடி இருக்கும். அவர் ரூம்ல ட்யூப்லைட் தலைக்குப் பின்னாடி, முகம் இருட்டு. கேமராவுக்குக் கண்ணே கிடைக்கலை. டேபிள் லேம்ப் வச்சோம், கண் கூசி அவர் சிமிட்டினார். ஒவ்வொரு சிமிட்டலுக்கும் ஒரு க்ளிக். ஒரு வழியா காலிபரேட் பண்ணி முடிச்சதும் பெரியம்மா வந்து, "சாமி, இவனைத் திருப்பிப் போடோணும், நேரமாச்சு"ன்னாங்க. உணர்ச்சி இல்லாத உடம்பு ஒரே பக்கமா இருந்தா படுக்கைப்புண் வந்துடும். அதனால ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பணும். திருப்பினா தலை மாறும், தலை மாறினா எங்க காலிபரேஷன் காலி. இந்த ரெண்டு மணி நேரக் கணக்கு எங்க ரிப்போர்ட்ல எந்தப் பக்கத்துலயும் கிடையாது.

சரி, குரல்ல ஓட்டலாம்னு ஃபோன்ல வாய்ஸ் ஆக்சஸ் போட்டோம். நாங்க பார்த்தப்போ அந்தக் கட்டளைப் பட்டியல்ல தமிழ் இல்லை. இங்கிலீஷ்ல சொல்லிப் பழகிக்கலாம்னாலும், சுவருக்கு அந்தப் பக்கம் ரெண்டு விசைத்தறி ஓடுது. அந்தச் சத்தத்துல நாங்க பேசுறதே எங்களுக்குக் கேட்கலை, ஃபோனுக்கு எங்கே கேட்கும்? கரண்ட் போனதும் தறி நின்னுச்சு. அப்போ வாய்ஸ் சூப்பரா வேலை செஞ்சிருக்கும், ஆனா மோடமும் போயிடுச்சு.

அண்ணன் சிரிச்சார். சிரிச்சிட்டு ஒரு கேள்வி கேட்டார்: "டேய் தம்பி, எனக்குக் கைதான் கொஞ்சம் வருதே. அதை ஏன்டா யாரும் பார்க்கலை?"

இந்தக் கேள்விக்கு எங்ககிட்ட பதில் இல்லை. "கை கால் செயலிழந்தவர்"னு தலைப்பு வச்சதால கையைப் பார்க்கவே இல்லை. நேரா கண்ணுக்குப் போயிட்டோம். கண்ணுதான் டெமோவுல மாஸா இருக்கும், அதான் காரணம்.

கண்ணால ஓட்டுறது ஏன் இவ்வளவு கஷ்டம்னு பிறகுதான் உட்கார்ந்து படிச்சேன். நல்ல ஐ ட்ராக்கர்ல வெப்கேம் மட்டும் இருக்காது. அகச்சிவப்பு ஒளியைக் கண் மேல அடிச்சு, கருவிழியில தெரியுற பிரதிபலிப்பை வச்சுக் கணக்குப் போடும். அதுலயே ஒரு டிகிரி தப்பு சாதாரணம். அறுபது சென்டிமீட்டர் தூரத்துல ஒரு டிகிரின்னா ஸ்கிரீன்ல ஒரு சென்டிமீட்டர். பெரிய பட்டன் போட்ட கீபோர்டுக்கு அது போதும். சேலை டிசைன்ல ஒரு கட்டம் சில மில்லிமீட்டர்தான். இன்னொரு சிக்கல், கண்ணு பார்க்குறதுக்குத்தான் இருக்கு. பார்க்குறதெல்லாம் க்ளிக் ஆனா எப்படி இருக்கும்? தொட்டதெல்லாம் தங்கமாகி, சாப்பாடும் தங்கமாகிப்போன ராஜா மைடாஸ் பேரை இந்தச் சிக்கலுக்கு வச்சிருக்காங்க. கண்ணைத் தவிர வேற எதுவும் அசையாதவங்களுக்கு ஐ ட்ராக்கர் உயிர் மாதிரி, அதுல சந்தேகமே இல்லை. அண்ணன் அந்த நிலைமையில இல்லைங்கிறதுதான் விஷயம்.

அடுத்த ஞாயிறு எங்க தாத்தாவையும் கூட்டிட்டுப் போனேன். தாத்தா குழித்தறியில ஐம்பது வருஷம் நெய்தவர், கம்ப்யூட்டரைத் தொட்டதில்லை. அண்ணனோட முழங்கையைப் பிடிச்சு மெதுவா அசைச்சுப் பார்த்தார். டேபிளைப் பார்த்தார். "மேசை மட்டம் தப்பா இருக்குதே. தோள் தொங்குது பாரு"ன்னார். குழித்தறியில உட்காருறவன் கால் நீளத்தைப் பார்த்துத்தான் மிதியைக் கட்டுவாங்களாம். குள்ளமான ஆள் உட்கார்ந்தா மிதியை ஏத்திக் கட்டணும். "ஆளுக்குத்தான் தறியைக் கட்டோணும். தறிக்கு ஆளைக் கட்ட முடியுமா?" தாத்தா சாதாரணமாத்தான் சொன்னார். எங்க நாலு பேருக்கும் மூஞ்சி செத்துப்போச்சு.

அன்னிக்கு நாங்க செஞ்சதுல கோடு ஒரு வரிகூட இல்லை. மேசைக்குக் கீழே நாலு செங்கல் வச்சோம். தைக்கிறவர்கிட்ட சொல்லி உள்ளங்கையைச் சுத்திப் போடுற மாதிரி ஒரு பட்டை, அதுல பென்சில் சொருக ஒரு பை. பென்சிலோட ரப்பர் முனையால அவர் ஒவ்வொரு கீயாத் தட்டலாம். கண்ட்ரோல் இசட் வேணுமே, அது இல்லாம எந்த டிசைனரும் வாழ முடியாதே? அங்கேதான் ஸ்டிக்கி கீஸ். நான் எட்டாவதுல ஆஃப் பண்ண அதே சாமான்.

மவுஸுக்குப் பதிலா டிராக்பால். மவுஸைப் பிடிச்சு நகர்த்தணும், டிராக்பால் ஒரே இடத்துல இருக்கும், மேலே இருக்கிற உருண்டையைச் சுண்டுவிரல் பக்கத்துச் சதையால உருட்டினா போதும். மூவாயிரம் ரூபாய்க்குக் கிட்ட ஆச்சு, நாலு பேர் பங்கு போட்டோம். பட்டனை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே இழுக்கிறது அவரால முடியாது. அதுக்கு விண்டோஸ் மவுஸ் செட்டிங்ஸ்லயே க்ளிக்லாக்னு ஒண்ணு இருக்கு. ஒரு நொடி அமுக்கினா அமுக்கினபடியே பூட்டிக்கும், மறுபடி க்ளிக் பண்ணா விடும். உங்க லேப்டாப்லயும் இருக்கு, போய்ப் பாருங்க.

முதல் நாள் அவர் நாப்பது நிமிஷத்துல ஒரு மாங்காய் வரைஞ்சார். முன்னாடி அது அவருக்கு ரெண்டு நிமிஷ வேலை. அதை வரைஞ்சு முடிச்சதும் "வளைவு சரியில்லை"ன்னு அழிச்சிட்டு மறுபடி ஆரம்பிச்சார். பெரியம்மா உள்ளே போயிட்டாங்க.

இப்போ என் கருத்துக்கு வர்றேன். நம்ம காலேஜ்லயும் சரி, வேற எந்தக் காலேஜ்லயும் சரி, வருஷா வருஷம் ஐ மவுஸ் பண்றோம், தலை அசைச்சா ஓடுற வீல்சேர் பண்றோம், கையுறை போட்டா பேசுற கருவி பண்றோம். வைவா முடிஞ்சதும் அது பீரோவுக்குப் போகுது. அடுத்த பேட்ச் அதையே முதல்ல இருந்து பண்ணுது. இந்த உலகத்துல மாற்றுத்திறனாளிகளுக்குக் குறையா இருக்கிறது இன்னொரு ஐ மவுஸ் கிடையாது. ஏற்கெனவே இலவசமா இருக்கிறதை ஒருத்தருக்கு ஏத்த மாதிரி அமைச்சுக் கொடுத்து, ரெண்டு மாசம் கழிச்சு அது மக்கர் பண்ணும்போது திரும்பி வர்ற ஆள்தான் குறை.

சும்மா சொல்லலை. இந்தத் துறையில நிலைச்சு நின்ன விஷயங்களைப் பாருங்க, பலது ஒரே ஒரு ஆளுக்காக ஆரம்பிச்சது. ஸ்டீஃபன் ஹாக்கிங்கை எடுத்துக்குங்க. 1985-ல நிமோனியா வந்து, மூச்சுக்குழாயில ஆபரேஷன் பண்ணதுல குரல் போயிடுச்சு. அப்போ அவருக்குக் கிடைச்ச ஈக்வலைசர்ங்கிற மென்பொருளை எழுதினவர் கலிஃபோர்னியாவுல இருந்த வால்டர் வோல்டோஸ். அவர் அதை ஹாக்கிங்குக்காக எழுதலை, அதே மாதிரி நரம்பு நோய் வந்த தன் மாமியாருக்காக எழுதினார். கையில ஒரே ஒரு பட்டன். ஸ்கிரீன்ல வார்த்தைகள் மேல வெளிச்சம் தானா நகர்ந்துட்டே இருக்கும், வேண்டியது வரும்போது அமுக்கணும். கையும் போன பிறகு, மூக்குக்கண்ணாடியில ஒரு சென்சார் வச்சு கன்னத்துத் தசையை அசைச்சு அதே வேலையைப் பார்த்தார்.

பிறகு இன்டெல் கம்பெனியில லாமா நாச்மன் தலைமையில ஒரு டீம் அவருக்குப் புது சிஸ்டம் பண்ண வந்தாங்க. ஐ ட்ராக்கிங் முயற்சி பண்ணாங்க. இமை தொங்கினதால கண் சரியாகக் கிடைக்கலை. எல்லாத்தையும் புதுசா மாத்தலாம்னு நினைச்சாங்க, அவருக்குப் பழகின பழைய முறையே வேணும்னார். கடைசியில அந்தப் பழைய முறையை வச்சுக்கிட்டு, அடுத்த வார்த்தையை ஊகிக்கிறதை நல்லாப் பண்ணிக் கொடுத்தாங்க. இன்டெல்லுக்கே அதுதான் கதி, நாம எம்மாத்திரம்? அந்த மென்பொருளோட பேர் ஏகேட். 2015-ல ஓப்பன் சோர்ஸ் ஆக்கிட்டாங்க, கிட்ஹப்ல இருக்கு.

லாஸ் ஏஞ்சல்ஸ்ல டெம்ப்ட்னு ஒரு சுவரோவியக் கலைஞர். அவருக்கும் அதே நோய், கண்ணு மட்டும்தான் அசையும். 2009-ல ஒரு குழு ஒரு மலிவான கண்ணாடி ஃப்ரேம்ல ப்ளேஸ்டேஷன் கேமராவை மாட்டி, அவர் கண்ணாலயே மறுபடி வரையுற மாதிரி ஐரைட்டர்னு ஒண்ணு செஞ்சாங்க. எங்க ஐ மவுஸ் மாதிரியேதானேன்னு கேட்பீங்க. வித்தியாசம் ஒண்ணுதான். அவங்க டெம்ப்ட்ல இருந்து ஆரம்பிச்சு கேமராவுக்குப் போனாங்க, நாங்க கேமராவுல இருந்து ஆரம்பிச்சு ஆளைத் தேடினோம்.

நம்ம பக்கத்துலயும் இருக்கு. சென்னையில 1985-ல பூனம் நடராஜன் தொடங்கின வித்யாசாகர், மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளோட வேலை செய்யுற இடம். ஐஐடி மெட்ராஸ்ல படிச்ச அஜித் நாராயணன் அங்கே இருந்த குழந்தைகளையும் ஆசிரியர்களையும் பார்த்துப் பார்த்துத்தான் ஆவாஸ்ங்கிற பேச்சுக் கருவியைச் செஞ்சார். படத்தைத் தொட்டா அது பேசும். நம்ம சேலத்துலயே, தசைச்சிதைவு நோய் உள்ள அக்கா தங்கை ரெண்டு பேர், வானவன் மாதேவியும் இயல் இசை வல்லபியும், அதே நோய் உள்ளவங்களுக்காக ஆதவ் அறக்கட்டளையைத் தொடங்கினாங்க. வானவன் மாதேவி இன்னிக்கு இல்லை. இந்த ஊர்லயே பிறந்து வளர்ந்த நான் அவங்களைப் பத்தித் தெரிஞ்சுக்கிட்டது அண்ணன் வீட்டுல உட்கார்ந்திருந்தப்போ, அவர் சொல்லித்தான்.

இன்னொருத்தர் பேரைக் கேட்டதும் எனக்குக் கொஞ்சம் உதறலாவே இருந்துச்சு. எஸ். ராமகிருஷ்ணன். கோவையில இன்ஜினியரிங் படிச்சிட்டு இருந்தவர். 1975 ஜனவரியில கடற்படை அதிகாரி வேலைக்காக பெங்களூருல நடந்த உடற்தகுதித் தேர்வுல கீழே விழுந்து, கழுத்துக்குக் கீழே எல்லாம் செயலிழந்துடுச்சு. செலக்ஷனுக்குப் போன இன்ஜினியரிங் ஸ்டூடண்ட். அடுத்த மாசம் நம்ம க்ளாஸ்ல பத்து பேர் போகப்போறோமே, அந்த மாதிரி. அவர் 1981-ல தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில அமர் சேவா சங்கத்தை ஆரம்பிச்சார். 2020-ல பத்மஸ்ரீ. "அவங்க"ன்னு தனியா ஒரு கூட்டம் கிடையாதுங்க. ஒரு மொட்டை மாடி, ஒரு தேர்வு, ஒரு பைக், அவ்வளவுதான் தூரம்.

சரி, கோடு எழுதவே வேலை இல்லையான்னு கேட்கிறவங்களுக்கு: இருக்கு, நிறைய இருக்கு. ஆனா தமிழ்ல இருக்கு.

ஒரு பட்டன் மட்டும் அமுக்க முடிஞ்ச ஒருத்தர் தமிழ்ல "தண்ணீர்"னு எழுதணும்னு வச்சுக்குங்க. 12 உயிர், 18 மெய், ஆய்தம், புள்ளி, இடைவெளி, அழி, இன்னும் ரெண்டு பட்டன். மொத்தம் 36, ஆறுக்கு ஆறு கட்டம். வெளிச்சம் முதல்ல வரிசை வரிசையா இறங்கும். வேண்டிய வரிசையில அமுக்கினா அந்த வரிசைக்குள்ள கட்டம் கட்டமா நகரும். ஒரு நகர்வுக்கு ஒரு நொடின்னா, சராசரியா வரிசைக்கு மூணரை, கட்டத்துக்கு மூணரை, ஒரு எழுத்துக்கு ஏழு நொடி. தமிழ்99 முறையில த, ண, ண, ஈ, ர, புள்ளி. ஆறு தட்டல். 42 நொடி. தாகத்துல இருக்கிற ஒருத்தருக்கு ஒரு வார்த்தைக்கு 42 நொடி, ஒரு தடவைகூடத் தப்பாம அமுக்கினா.

இதைக் குறைக்க முடியும். அடிக்கடி வர்ற எழுத்தை மேல் இடது மூலையில வச்சா குறையும். தமிழ்ல புள்ளி எவ்வளவு தடவை வருதுன்னு இந்தக் கட்டுரையிலயே எண்ணிப் பாருங்க, அதைக் கொண்டுபோய்க் கடைசிக் கட்டத்துல வச்சா என்ன ஆகும்? வார்த்தையை ஊகிச்சுக் கொடுத்தா இன்னும் குறையும். ஆனா ஊகிக்கிற மாடலை நியூஸ் பேப்பர் தமிழ்ல பழக்கினா அது "தண்ணீர்" வரியத்தான் காட்டும், "தண்ணீர் பற்றாக்குறை"ன்னு போகும். சேலத்துல யாரும் அம்மாகிட்ட "தண்ணீர் வேண்டும்"னு கேட்க மாட்டாங்க. "தண்ணி வேணும்மா", "திருப்பிப் போடு", "கொசு கடிக்குது", "ஃபேனைக் குறை". இந்தத் தமிழை யார் சேர்க்கப் போறாங்க? கலிஃபோர்னியாக்காரனா? என்னை மாதிரி அரைகுறைத் தமிழ்காரனுக்கே இதுல வேலை இருக்குன்னா, நல்லாத் தமிழ் தெரிஞ்ச உங்களுக்கு எவ்வளவு இருக்கும்!

இதுல நமக்கும் லாபம் இல்லாம இல்லை. பழைய நோக்கியாவுல நம்ம அப்பா அம்மா டைப் பண்ண டி9 ஞாபகம் இருக்கா? அதை உருவாக்கினவங்க பேச முடியாதவங்களுக்கான கருவிகள்ல வேலை பார்த்தவங்க. அவங்கள்ல ஒருத்தரான கிளிஃப் குஷ்லர்தான், விரலை எடுக்காம இழுத்து டைப் பண்ற ஸ்வைப் கீபோர்டுக்கும் காரணம். விரல் வராதவங்களுக்காக யோசிச்சது இன்னிக்கு பஸ்ல ஒரு கையால கம்பியைப் பிடிச்சுக்கிட்டு மெசேஜ் பண்ற எல்லாருக்கும் உதவுது.

நீங்க கேட்கப்போற கேள்வி எனக்குத் தெரியும். நானும் கேட்டேன். "மச்சி, ப்ராஜெக்ட்ல நாவல்டி எங்கேன்னு கேட்பாங்களே? செங்கல் வச்சேன், செட்டிங்ஸ் மாத்தினேன்னு சொன்னா மார்க் வருமா?" வராது. எங்க ரிவ்யூவுல ரெண்டாவது தடவை இதைச் சொன்னப்போ "இதுல இன்ஜினியரிங் எங்கேப்பா இருக்கு?"ன்னுதான் கேட்டாங்க. கேட்டவங்களைத் தப்பு சொல்ல மாட்டேன், மார்க் போடுற தாள்ல அதுக்குக் கட்டமே இல்லை. ஆனா இன்ஜினியரிங்னா என்னன்னு அன்னிக்கு எனக்கு ஒரு சந்தேகம் வந்துச்சு, இன்னும் தீரலை. ஓடாத ஐ மவுஸுக்கு ரெண்டாம் பரிசு, ஓடுற செங்கலுக்கு சைபர்.

இன்னொரு கேள்வியும் நியாயமானது. ப்ளேஸ்மென்ட், அரியர், வீட்டுக் கஷ்டம்னு நம்ம தலையிலயே ஆயிரம் இருக்கு, நாம என்ன தொண்டு நிறுவனமா? இல்லை. இது அரசாங்கம் செய்ய வேண்டிய வேலை. 2016-ல வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், ஒவ்வொருத்தருக்கும் தேவையான நியாயமான மாற்றத்தைச் செய்து கொடுக்கணும்னு சொல்லுது. உயர்கல்வியில 5 சதவீதம், அரசு வேலையில 4 சதவீதம் இட ஒதுக்கீடும் சொல்லுது. 2011 கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டுல மட்டும் மாற்றுத்திறனாளிகள் கிட்டத்தட்ட 11.8 லட்சம் பேர். நாலு பசங்க செங்கல் வச்சு இவ்வளவு பேருக்குச் செய்ய முடியாது. ஒத்துக்கிறேன்.

ஆனா நம்ம கையில இருக்கிறதையாவது பார்க்கலாம். நம்ம லேப் கம்ப்யூட்டர்ல செட்டிங்ஸ் பூட்டியிருக்கு, ஸ்டிக்கி கீஸ்கூட ஆன் பண்ண முடியாது. நாம எழுதுற ஆன்லைன் டெஸ்ட்ல கண்ணை வேற பக்கம் திருப்பினா வார்னிங், வாயைத் திறந்தா வார்னிங். குரலால டைப் பண்றவர் அங்கே எப்படி எழுதுவார்? அந்தச் சிஸ்டங்களை எழுதுறது யாரு? ரெண்டு வருஷம் முன்னாடி பாஸ் அவுட் ஆன நம்ம சீனியர்கள். ரெண்டு வருஷம் கழிச்சு நாம. அண்ணனைப் பார்க்காத ஒருத்தன் எழுதின கோடு அண்ணனை வெளியேதான் நிறுத்தும். அவன் கெட்டவன்னு இல்லை, அவனுக்குத் தோணியிருக்காது, எனக்குத் தோணாத மாதிரியே.

அதனால நான் கேட்கிறது மூணே விஷயம்.

ஒண்ணு, "செயலிழந்தவர்களுக்கு"ன்னு ப்ராஜெக்ட் தலைப்பு வைக்கிறதுக்கு முன்னாடி, ஒருத்தர் வீட்டுக்குப் போய் மூணு தடவை உட்காருங்க. லேப்டாப் இல்லாம. எது அசையுது, எவ்வளவு நேரம் அசையுது, என்ன செய்யணும்னு ஆசைப்படுறார்னு கேளுங்க. எது முடியாதுன்னு அவரைப் பார்த்ததும் நமக்குத் தெரிஞ்சுடுது. எது முடியும்னு கேட்டாத்தான் தெரியும்.

ரெண்டு, அந்த மாதிரி ப்ராஜெக்டுக்கு ரிவ்யூவுல ஒரு கட்டம் சேர்க்கச் சொல்லி ஹெச்ஓடிகிட்ட கேட்போம்: மூணு மாசம் கழிச்சும் அவர் பயன்படுத்துறாரா? நாவல்டிக்குப் பத்து மார்க்னா இதுக்கும் பத்து.

மூணு, கைமாத்தணும். நாங்க மே மாசம் போயிடுவோம். டிராக்பால் உருண்டைக்கு அடியில அழுக்குச் சேரும், துடைக்கணும். விண்டோஸ் அப்டேட் வந்து செட்டிங் மாறினாலும் மாறும். மூணு மாசமா ஞாயித்துக்கிழமை நான் போறேன். ஜூன்ல யார் போவாங்க?

இந்தக் கட்டுரையை எழுதினதுக்கு உண்மையான காரணம் அந்தக் கடைசிக் கேள்விதான். எனக்குச் சென்னையில வேலை கிடைச்சிருக்கு. அண்ணன்கிட்ட சொன்னப்போ சந்தோஷப்பட்டார், "ட்ரீட் எங்கடா?"ன்னார். கொஞ்ச நேரம் கழிச்சு, டிராக்பாலைக் கழட்டித் துடைக்கிறது எப்படின்னு அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்துட்டுப் போன்னு கேட்டார். சொல்லிக் கொடுத்தேன். பெரியம்மாவுக்கு நல்லாவே வந்துடுச்சு. ஆனா அப்டேட் வந்தா அவங்களால பார்க்க முடியாது.

போன வாரம் அவர் ஒரு பார்டர் டிசைனை முடிச்சு ஒரு தறிக்காரருக்கு அனுப்பினார். ரெண்டு வாரம் ஆச்சு. தறிக்காரர் பார்த்துட்டு, "மயில் கழுத்து நல்லா வந்திருக்கு, வாலைக் கொஞ்சம் குறைச்சுக் குடு"ன்னார். பாவம்னு எடுத்துக்கலை, கரெக்ஷன் சொன்னார். மூணு வருஷத்துல அண்ணன் முகத்துல நான் பார்த்த பெரிய சந்தோஷம் அதுதான். முழங்கையை மடக்கி, பென்சில் ரப்பரால கண்ட்ரோலை ஒரு தடவை தட்டினார், இசட்டை ஒரு தடவை தட்டினார், வாலை அழிச்சுட்டு மறுபடி ஆரம்பிச்சார்.

தேர்ட் இயர்ல, செகண்ட் இயர்ல யாராவது அம்மாபேட்டைப் பக்கம் இருக்கீங்களா? ஞாயித்துக்கிழமை காலையில பத்து மணி. கோடிங் தெரியணும்னு அவசியம் இல்லை. எடிட்டர்கிட்ட பேரைக் கொடுங்க, நான் கூட்டிட்டுப் போறேன்.

அதுவரைக்கும், ஷிஃப்ட் கீயை அஞ்சு தடவை தட்டினா வர்ற பெட்டியில இந்தத் தடவை "யெஸ்" கொடுத்துப் பாருங்க. ஒரு நாள் முழுக்க ஒரே விரலால லேப்டாப்பை ஓட்டுங்க. சாயங்காலம் உங்களுக்கே நாலு ப்ராஜெக்ட் ஐடியா வந்திருக்கும். அதுல ஒண்ணுகூட ஐ மவுஸா இருக்காது.